முகம் கழுவிய ஸ்லைடுகள்

அத்தியாயம் 9

"உள்ள வரும்போது செருப்பைக் கழட்டணுமாம்," என்றான் வாலுசிம்பி, ஆய்வகக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு. "மனசாட்சியை எங்க கழட்டி வைக்கணும்னு போடல."

"அதை வீட்டுலயே வெச்சிட்டுத்தான் இங்க வேலைக்கு வர்றாங்க," என்றாள் நலோங்கோ. "நட."

நலோங்கோ என்பது இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு ஊர் கொடுக்கும் பட்டம். அவளுடைய சொந்தப் பெயர் பெர்பெத்துவா. அதைச் சொல்லிக் கூப்பிடும் தைரியம் கம்பாலாவில் யாருக்கும் கிடையாது. போலீஸ் வேலையில் மேலதிகாரிகளுக்குச் சலாம் போட்டு முதுகு வலித்ததால் வெளியே வந்தவள். நகரத்தின் வண்டெகெயா பகுதியில் ஒரு தையல் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். வாலுசிம்பி அவளுடைய உதவியாளன். நாற்பதைத் தாண்டியவன். முன்பு வானொலியில் கால்பந்து வர்ணனை செய்துகொண்டிருந்தான். மந்திரியின் மைத்துனர் நடத்திய அணியை 'மேயப்போன மாடுகள்' என்று வர்ணித்த அன்றே வேலை போனது. வாய் மட்டும் போகவில்லை.

மூன்றாவதாகப் படியேறி வந்தவள் எதிசா. சந்தையில் பழைய திரைச்சீலை விற்பவள். கழுத்தைச் சுற்றிப் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். நவம்பர் புழுக்கத்திலும் அதை அவள் அவிழ்க்கவில்லை.

அவள் பிரச்சினை இதுதான். தாடைக்குக் கீழே ஒரு கட்டி. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அதை வெட்டியெடுத்து, சோதனைக்காக இந்த ஆய்வகத்துக்கு அனுப்பினார். 'வெறும் கொழுப்புக் கட்டி, பயமில்லை' என்று அறிக்கை வந்தது. ஆனால் தையல் போட்ட இடத்துக்கு அடியில் அது மறுபடியும் வளர ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை பெரிய ரத்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. கத்தி வைக்க முடியாது, மருந்து ஏற்றித்தான் சுருக்க வேண்டும். மருந்து இருப்பது புற்றுநோய் வார்டில். அங்கே போனால், 'உனக்குப் புற்றுநோய் இல்லைன்னு உன் காகிதமே சொல்லுது, வீட்டுக்குப் போ' என்கிறார்கள்.

"மிஷன் டாக்டர் என்ன சொன்னார்னு இன்னொரு தடவை சொல்லு," என்றாள் நலோங்கோ.

"என் கையால எத்தனையோ கட்டி வெட்டியிருக்கேன், இது கொழுப்பு இல்லைன்னார். ஆனா முழுக் கட்டியையும் அனுப்பிட்டாராம். இங்க மெழுகுல பதிச்சு வெச்சிருக்கிறதுதான் மிச்சம். அதை விட்டா வேற இல்ல."

"என்கிட்ட ஏதாவது மறைச்சிருக்கியா?"

"ஐயோ, இல்ல நலோங்கோ." கழுத்துத் துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"வக்கீல்கிட்டயும் டாக்டர்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்வாங்க," என்றான் வாலுசிம்பி. "எங்ககிட்ட சொல்லலாம். நாங்க பழகிட்டோம்."

கதவைத் திறந்தவன் ஒபுரா, ஆய்வகத்தின் சாயக்காரன். விரல் நுனிகளில் நீலமும் ரோஸும் ஊறிப்போயிருந்தன.

"அண்ணே, போன தேர்தல்ல எத்தனை தடவை ஓட்டு போட்டீங்க?" என்றான் வாலுசிம்பி அந்த விரல்களைப் பார்த்து.

ஒபுரா சிரிக்கவில்லை. சிரிக்கத் தோன்றாத அளவுக்கு அவன் எதிசாவின் கழுத்துத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நலோங்கோ அதைப் பார்த்தாள்.

"டாக்டர் வர்ற வரைக்கும் உங்க வேலையைப் பாருங்க," என்றாள். "நாங்க வேடிக்கை பார்க்கறோம்."

ஒரு கம்பிக் கூடையில் கண்ணாடி ஸ்லைடுகள் வரிசையாகச் செருகியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெங்காயத் தோலைவிட மெல்லிய சதைச் சீவல். ஒபுரா கூடையைத் தூக்கி நீலத் தொட்டியில் முக்கினான், எடுத்தான், கழுவினான், ரோஸ் தொட்டியில் கழுத்து மறையும்வரை முக்கினான், பிறகு ஆல்கஹாலில்.

"பேரை ஏன் பென்சில்ல எழுதியிருக்கீங்க? பேனா வாங்க வக்கில்லையா?"

"பேனா மை ஆல்கஹால்ல ஓடிடும், அம்மா. பென்சில்தான் நிக்கும். கண்ணாடி ஓரத்துல சொரசொரப்பா ஒரு பட்டை இருக்கு பாருங்க, அதுலதான் எழுதுவோம். முதல்ல பேரு, அப்புறம்தான் சாயம். இங்க அது சட்டம்."

"பட்டை வெள்ளையாத்தானே இருக்கு? காஞ்சதெல்லாம் ரோஸா இருக்கே?"

"நான் முழுசா முக்குவேன். பட்டையும் கொஞ்சம் சாயம் குடிக்கும். அது போகாது."

"நல்ல சட்டம்," என்றாள் நலோங்கோ.

உள்ளறைக் கதவு திறந்தது. டாக்டர் செங்கோபா வந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. அடுப்படிப் பக்கமே போகாத சமையல்காரனின் தோள்துண்டு மாதிரி பளபளத்தது.

"யார் இவங்களை உள்ள விட்டது? யோவ், நீ என்ன தின்னுட்டிருக்க? இது ஆய்வகம்!"

வாலுசிம்பி கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை நீட்டினான். "வறுத்த வெட்டுக்கிளி, டாக்டர். சீசன். எடுத்துக்கங்க. இறக்கை எல்லாம் பிச்சாச்சு, நோயாளிங்க மாதிரி."

டாக்டர் முகம் சுளித்தார். நலோங்கோ மிஷன் டாக்டரின் கடிதத்தை நீட்டினாள். "இவங்க ஸ்லைடை இவங்க பார்க்கணும்."

"பார்த்து என்ன பண்ணப் போறீங்க? ஸ்லைடைப் பார்க்கறதுக்குப் படிச்சிருக்கணும், அம்மா."

"பார்க்காத மாதிரி இருக்கறதுக்குத்தான் படிப்பு வேணும், டாக்டர். பார்க்கறதுக்குக் கண்ணு போதும்."

தங்களை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது என்று நினைப்பவர்களின் அலுப்போடு டாக்டர் ஓர் அட்டைத் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மிஷன் ஆஸ்பத்திரியின் கட்டி வந்த வாரத்தில் சாயமேற்றிய ஸ்லைடுகள் எல்லாம் அதில் படுத்திருந்தன.

நலோங்கோ எதையும் தொடவில்லை. குனிந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் முகம் சிவந்திருக்கு. ரெண்டு பேருக்கு மட்டும் யாரோ முகம் கழுவி விட்டிருக்காங்க."

"என்ன உளர்றீங்க?"

"பட்டையைச் சொல்றேன். எல்லாம் ரோஸ். இந்த ரெண்டு மட்டும் பளீர்னு வெள்ளை. ரப்பர் வெச்சுத் தேய்ச்சா சாயமும் போகும், பழைய பேரும் போகும். அப்புறம் புதுப் பேரு எழுதலாம். ஒண்ணு, எதிசா." தட்டைத் திருப்பினாள். "இன்னொண்ணு... அட, கட்டெரெகா."

வாலுசிம்பி வெட்டுக்கிளி மெல்லுவதை நிறுத்தினான். "எந்தக் கட்டெரெகா? நம்ம கட்டெரெகாவா?"

கம்பாலாவில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் இல்லை. டாக்சி ஓட்டுநர்களின் சேமிப்புச் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, சங்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேமித்தவர். வழக்கு தீர்ப்பை நெருங்கியபோது அவருக்குத் திடீரென்று கழுத்தில் புற்றுநோய் வந்தது. சனிக்கிழமை எழுப்புதல் கூட்டங்களில் மேடையேறி, மூலிகை வைத்தியர்களின் பைகளைக் குவித்துக் கொளுத்துபவரும் அவரே.

"எழுத்து கோணலா இருந்தது. அழிச்சு எழுதச் சொன்னேன்," என்றார் டாக்டர்.

"இவ்வளவு பேர்ல அந்த ரெண்டு பேரு மட்டும் கோணலா இருந்ததா?"

"ஆமா. அதனால என்ன?" டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க நினைக்கறதைச் சொல்லட்டுமா? இவங்க ஸ்லைடை அவருக்கும், அவர் ஸ்லைடை இவங்களுக்கும் மாத்திட்டேன்னு. சரி, நிரூபிங்க. ரெண்டும் கழுத்துக் கட்டி. சதைக்குப் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது."

"மரபணு சோதனைக்குத் தெரியும்."

"தாராளமா அனுப்புங்க. அரசாங்க ஆய்வகத்துல வரிசை எவ்வளவு நீளம்னு தெரியுமா? கட்டெரெகா ஐயா இன்னைக்குச் சாயங்காலம் இந்தியாவுக்குப் பறக்கறார். கோர்ட்டே அனுமதி குடுத்தாச்சு. அவர் ஸ்லைடும் மெழுகுக் கட்டியும் அவரோடயே போகுது. வாங்கிட்டுப் போக வந்துட்டே இருக்கார்."

எதிசா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் கழுத்திலிருந்து எடுத்தது இன்னொருவன் பெட்டியில் ஏறி என்டெபே விமான நிலையத்திலிருந்து பறந்துவிட்டால், அப்புறம் அவள் யாரிடம் போய் எதைக் காட்டுவாள்? வார்டுக் கதவு திறக்காது. கழுத்துக்குள் இருப்பது மட்டும் வளரும்.

நலோங்கோ வாலுசிம்பியைப் பார்த்தாள். வாலுசிம்பி புரிந்துகொண்டான். குரலில் தேனைத் தடவிக்கொண்டான்.

"அப்ப கட்டெரெகா ஐயாவோட நோயைப் பத்திப் பத்திரிகைக்காரன் எழுதினது உங்களைத்தானா, டாக்டர்? 'நாட்டுலயே ஒரே ஒருத்தர்தான் இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியும்'னு?"

"பேர் போட்டிருந்தானா?"

"போடலையே! அதுதான் எனக்கும் வயித்தெரிச்சல். இவ்வளவு பெரிய டிவி வேற வாங்கி வெச்சிருக்கீங்க, மைக்ராஸ்கோப்ல இருக்கிறது இதுல தெரியுமா? சும்மா அலங்காரம்னு நினைச்சேன்."

"அலங்காரமா?"

அடுத்த நொடி கட்டெரெகாவின் ஸ்லைடு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருந்தது. நலோங்கோ கேட்டிருந்தால் சத்தியமாகக் காட்டியிருக்க மாட்டார். புகழ்ந்தால் இப்படிப்பட்டவர்கள் சட்டையைக்கூடக் கழற்றிக் காட்டுவார்கள்.

சுவரில் தொங்கிய டிவி ரோஸும் நீலமுமாக நிறைந்தது. டாக்டர் குச்சியை எடுத்தார். "இந்த ஓரம் தோல். உள்ள வாங்க. இந்த நீலப் புள்ளிங்க பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, ஒழுங்கே இல்லாம. இதுதான் புற்று."

"மழை வந்த சாயங்காலம் டாக்சி ஸ்டாண்டு மாதிரி இருக்கு," என்றான் வாலுசிம்பி.

"தோலுக்குள்ள கறுப்பா இருக்கே, அது என்ன?" என்றாள் நலோங்கோ.

"எது? ஓ, அதுவா. கசடு. நீலச் சாயத்தை வடிகட்டாம விட்டா கசடு வந்து ஒட்டும். ஒபுராவோட சோம்பேறித்தனம்."

"நான் தினமும் காலைல வடிகட்டறேன்," என்றான் ஒபுரா. அவர்கள் வந்ததிலிருந்து அவன் குரல் உயர்ந்தது இதுதான் முதல் தடவை.

"வாயை மூடு."

"அதே கூடையில முக்கின வேற ஸ்லைடு ஒண்ணைப் போடுங்க," என்றாள் நலோங்கோ.

டாக்டர் எரிச்சலோடு ஒன்றை எடுத்துப் போட்டார். கறுப்பே இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. மறுபடி கட்டெரெகாவின் ஸ்லைடு. நலோங்கோ டிவிக்கு அருகே போய் நின்றாள்.

"கசடுன்னா சதை இல்லாத வெறும் கண்ணாடியிலயும் கிடக்கணும். இங்க கண்ணாடி சுத்தமா இருக்கு. தோலுக்குள்ள மட்டும் ஒரு கோடா இறங்குது. ஆள் பார்த்து உட்கார்ற கசடா இது?"

"பின்ன என்னன்னு நீங்களே சொல்லுங்க, மேதாவி அம்மா."

வாலுசிம்பி வாயைத் திறந்தான். நலோங்கோ அவன் கால்மேல் ஏறி நின்றாள். அவன் வாயை மூடினான்.

"எனக்கென்ன தெரியும்? நான் படிக்காதவ," என்றாள் அவள். எதிசாவின் கையைப் பிடித்து நடைக்கு இழுத்துப் போனாள்.

"எத்தனை கீறல்?"

"என்ன கீறல், நலோங்கோ?"

"பிளேடால கீறி, மூலிகையைக் கருக்கிப் பொடி பண்ணித் தேய்ப்பாங்களே, அது. வீக்கம் வத்தும்னு நம்ம ஊர்ல பாதிப் பேர் பண்ணிக்கறது. அந்தக் கரி சாகிறவரைக்கும் தோலை விட்டுப் போகாது. ஆல்கஹால்ல போட்டாலும் போகாது, மெழுகுல போட்டாலும் போகாது. டாக்டர் வெளிநாட்டுல வளர்ந்தவர், அவருக்கு அது கசடு. எனக்குத் தெரியும் அது என்னன்னு. எத்தனை?"

"நான் வைத்தியர்கிட்டயே போனதில்ல. சத்தியமா. என் புருஷன் உபதேசியார். நான் தாய்மார் சங்கத் தலைவி."

"உன் புருஷன் கழுத்தை நான் கேட்கல."

எதிசா தரையைப் பார்த்தாள். கீழே கார் ஹாரன் அடித்தது, வழிவிடாதவனைத் திட்டுவதுபோல்.

"வந்துட்டான்," என்றாள் நலோங்கோ. "சரி. முதல்ல அவனை மடக்கறேன். உன் கழுத்து உன் இஷ்டம். ஆனா அந்த ஸ்லைடு அவனோடது இல்லைன்னு மட்டும்தான் என்னால காட்ட முடியும். உன்னோடதுன்னு நீதான் சொல்லணும்."

கட்டெரெகா உள்ளே நுழைந்தபோது வாசனைத் திரவியம் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். சாகப்போகிறவருக்குக் கன்னம் இரண்டும் பழுத்த பப்பாளி மாதிரி இருந்தன. கக்கத்தில் பெரிய பைபிள். கழுத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி. குரல் மட்டும் நோயாளி வேடம் போட்டிருந்தது.

"டாக்டர்... என் பொருளைக் குடுங்க... எனக்கு நேரம் குறைவு... பூமியிலயும், ரோட்டுலயும்."

"ஐயா, உட்காருங்க," என்றாள் நலோங்கோ பணிவாக. அவளுடைய பணிவைப் போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தவர்கள் யாராவது அங்கிருந்திருந்தால் உடனே ஓடியிருப்பார்கள். "உங்களைப் பத்தி ஒரு அசிங்கமான வதந்தி. கேட்டதும் மனசு தாங்கல."

"என்ன வதந்தி?"

"இந்தப் புற்றுக்கு நீங்க ரகசியமா மூலிகை வைத்தியர்கிட்ட போய், கழுத்துல கீறிக் கரி தேய்ச்சுக்கிட்டீங்கன்னு."

கட்டெரெகாவின் குரல் அதே நொடியில் குணமாகிவிட்டது.

"எவன் சொன்னான்? எந்தப் பொறுக்கி சொன்னான்? நானா? அந்தப் பிசாசுங்க பையை எல்லாம் கொளுத்தறவன் நான்! என் உடம்புல அவனுங்க விரல் நிழல்கூட விழுந்ததில்ல!"

"பிறந்ததுலேருந்தா, ஐயா?"

"எங்க அம்மா என்னைக் கோயில்லயே வளர்த்தா! பிறந்ததுலேருந்து!"

வாலுசிம்பி போனை உயர்த்தினான். "ஐயா, இதை அப்படியே ஒரு தடவை கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க. உங்க விசுவாசிகளுக்காக. பைபிள் கொஞ்சம் மேல... ஆங், அற்புதம். வெளிச்சம் முகத்துல விழுது."

கட்டெரெகா பைபிளை உயர்த்தினார். கேமராவைப் பார்த்தார். "என் தோலில் எந்த வைத்தியனும் கீறியதில்லை, கரி தேய்த்ததில்லை. கர்த்தர் சாட்சி," என்றார் மேடைப் பேச்சு போல நிறுத்தி நிதானமாக.

"நன்றி ஐயா," என்றாள் நலோங்கோ. டிவி பக்கம் திரும்பினாள். "அப்ப இது யார் தோல்?"

"என்ன?"

"இந்த ஸ்லைடுல உங்க பேரு இருக்கு. இந்தத் தோலுக்குள்ள கோடா இறங்கியிருக்கிறது கரி. டாக்டர் கசடுன்னார். பக்கத்து ஸ்லைடு எதுலயும் கசடு இல்ல. கீறித் தேய்ச்ச கரி. கர்த்தரும் சாட்சி, வாலுசிம்பி போனும் சாட்சி, இது உங்களோடது இல்ல."

டாக்டர் செங்கோபா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளாகத் தான் பார்த்துக்கொண்டே இருந்த ஒன்றை முதல் தடவையாகப் பார்த்தார்.

கட்டெரெகா திணறினார். "இருங்க... இப்பதான் ஞாபகம் வருது... சின்ன வயசுல எங்க அம்மா..."

"கோயில்ல வளர்த்த அம்மாவா?" என்றான் வாலுசிம்பி.

"ஒரே ஒரு தடவை..."

நலோங்கோ பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே ஒரு சின்ன வெட்டு, நேர்கோடாக ஆறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கழுத்து, தோலுரித்த அவித்த முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

"யாரும் ஒத்தைக் கீறல் கீறறதில்ல, ஐயா. வரிசையா கீறுவாங்க. மத்ததெல்லாம் எங்க? இந்தியாவுக்கு முன்னாடியே போயிடுச்சா?"

கட்டெரெகா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தொண்டையைச் செருமினார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

"சரி. இது அவரோடது இல்லைன்னே வெச்சுக்குவோம். ஆய்வகத்துல தவறு நடக்கறது சகஜம். ஆனா இந்த அம்மாவோடதுன்னு யார் சொன்னா? இங்க வர்ற கழுத்துக் கட்டி கொஞ்சமா? எவளோ ஒருத்தியோடது. என்னம்மா, மிஷன் டாக்டர் கடிதத்துல போட்டிருக்கே, நீங்க உபதேசியார் பொண்டாட்டிதானே? நீங்க வைத்தியன்கிட்ட போய்க் கீறிக்கிட்டீங்களா? போனீங்களா?"

எதிசா கழுத்துத் துணியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க, தலையாட்டக்கூட இல்ல. இந்தச் சந்தைக்காரிங்களுக்குக் காகிதமும் தெரியாது, மரியாதையும் தெரியாது. நல்லா இருக்கீங்கன்னு சொல்லி அனுப்பினா, இல்ல நான் சாகணும்னு சண்டைக்கு வர்றாங்க. ஒபுரா, அந்த ஸ்லைடையும் கட்டியையும் எடு. பேரு தெரியாததைக் குப்பையில போடறதுதான் முறை."

ஒபுரா அசையவில்லை. டாக்டரே எழுந்து மைக்ராஸ்கோப் பக்கம் கையை நீட்டினார். வாலுசிம்பி குறுக்கே நின்றான். நலோங்கோ எதிசாவைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க," என்றாள் எதிசா.

போனை இறக்கப்போன வாலுசிம்பியிடம், "இறக்காதே. எடு," என்றாள். "எங்க ஆலயத்துல இதைப் பார்க்கத்தான் போறாங்க. முழுசாப் பார்க்கட்டும்."

கழுத்துத் துணியை அவிழ்த்தாள். முடிச்சு உடனே வரவில்லை. யாரும் உதவிக்குப் போகவில்லை. துணி விழுந்தது.

தாடைக்குக் கீழே புடைப்பு. அதன்மேல் தையல் தழும்பு. தழும்புக்கு இந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கீறல், அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கீறல். இரண்டும் ஒரே அளவு, ஒரே சாய்வு. நடுவில் இருந்திருக்க வேண்டியது இல்லை. அங்கேதான் கத்தி போயிருந்தது.

"மூணு கீறினா அந்தக் கிழவி. பிள்ளைங்களுக்குத் துணி எடுக்கப் போறேன்னு புருஷன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். கரி எரிஞ்சது. கட்டி வத்தல. வெளிய சொல்ல வெட்கம், அதான் துணி கட்டிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை முதல் வரிசையில உட்கார்ந்து, வைத்தியர்கிட்ட போறவங்களுக்காக ஜெபம் பண்ணினேன்." டிவியைக் காட்டினாள். "அதோ இருக்கே, அது என் மூணாவது கீறல். என் தோலை எனக்கு அடையாளம் தெரியும்."

ஒபுராதான் முதலில் அசைந்தான். தட்டிலிருந்த இன்னொரு வெள்ளை முக ஸ்லைடை எடுத்து நலோங்கோவின் முன்னால் வைத்தான்.

"ரெண்டையும் அழிச்சது நான். எழுதினது அவர். மெழுகுக் கட்டியிலயும் அப்படித்தான். கேஸ் முடிஞ்சதும் இந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடலாம்னு சொன்னார்."

"நீ நம்பின," என்றாள் நலோங்கோ.

"நம்பற மாதிரி இருந்தேன்."

"அது இன்னும் கேவலம். அதையும் போலீஸ்ல சொல்லு." போனை எடுத்து இன்ஸ்பெக்டரின் எண்ணை அழுத்தினாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி வைத்தாள். பிறகு கட்டெரெகாவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு.

"ஐயா, உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. உங்களுக்குப் புற்றுநோய் இல்ல. எதிசாங்கற பேர்ல இருந்தது உங்களோடது. வெறும் கொழுப்பு. நீங்க ரொம்ப வருஷம் நல்லா இருப்பீங்க. நீதிபதி எவ்வளவு வருஷம் சொன்னாலும் முழுசா உள்ள இருந்துட்டு வர்ற அளவுக்கு உடம்பு தெம்பா இருக்கு."

கட்டெரெகா நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அழ ஆரம்பித்தார்.

"நேயர்களே," என்றான் வாலுசிம்பி, பழைய வானொலிக் குரலில், "தனக்கு நோய் இல்லைன்னு கேட்டு ஒருத்தர் கதறி அழறதை இப்பதான் முதல் தடவையாப் பார்க்கறோம்."

டாக்டர் அழவில்லை. கோட்டில் இல்லாத ஒரு கறையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து எல்லாவற்றையும் முத்திரை வைத்து, ஒரு ஸ்லைடை மட்டும் மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவ வைத்து, கூடவே அழைத்து வந்த அரசு மருத்துவரின் கையெழுத்தோடு எதிசாவிடம் கொடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மூவரும் தெருவுக்கு வந்தார்கள். எதிரே ஒருத்தி மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

வாலுசிம்பி தலையைச் சொறிந்தான். "அக்கா, ஜெயிச்சிட்டோம்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. ஆனா என்ன ஜெயிச்சோம்னு யோசிச்சா..."

"சொல்லு," என்றாள் எதிசா. "பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கிட்டு வீட்டுல படுத்திருக்கறதைவிட இது மேல்."

"உன் புருஷன்?" என்றாள் நலோங்கோ.

"இவன் ஊருக்கே அனுப்பின வீடியோ எனக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிருக்கும். கத்துவார். கத்தட்டும். கத்தி முடிச்சா கஞ்சி எடுத்துட்டு வார்டுக்கு வருவார். வரலைன்னா சமையலைக் கத்துக்குவார்."

வாடகை பைக் ஒன்று வந்து நின்றது. எதிசா பின்னால் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்லைடு உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வெறும் கழுத்தில் காற்று பட்டது. புற்றுநோய் வார்டு என்றாள்.

பைக் ஓட்டுபவன் திரும்பிப் பார்த்தான். மரியாதைக்குக் குரலைத் தணித்துக்கொண்டான். "உள்ள யாரும்மா இருக்காங்க?"

"இனிமே நான்," என்றாள் எதிசா. "சீக்கிரம் போ, பதிவு ஜன்னலை மூடிடுவாங்க."